அரக்குத் தொப்பியில் ஒற்றைப் பாம்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொடிநாளையொட்டி எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் மாணவர்கள் படைவீரர்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றை வைத்திருந்தார்கள். ராணுவ மருத்துவப் படையில் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். வகுப்பறையின் மூலையில் ஒட்டப்பட்டிருந்த ஓர் அட்டையின் முன் நான் வெகுநேரம் நின்றேன். அதன் தலைப்பு ‘60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ்’ என்றிருந்தது. அது நான் பணியாற்றிய யூனிட். கிருஷ்ணகிரி மாவட்டத்து மூலையில் ஒரு பள்ளிப் பிள்ளை அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து எழுதியிருப்பதைக் கண்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் பெயருக்குக் கீழே இருந்த படங்கள் மூன்றும் தவறானவை. முதல் படத்தில் செஞ்சிலுவை போட்ட வெள்ளை வேன் ஒன்று பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் கோலைச் சுற்றி இரண்டு பாம்புகள் பின்னியிருக்க, மேலே இரு சிறகுகள் விரிந்திருந்தன. மூன்றாவது, ‘பலிதான்’ என்று எழுதிய குத்துவாள் சின்னம். அந்தக் கண்காட்சியின் புகைப்படம் மாவட்டச் செய்திப் பக்கங்களிலும் வெளிவந்து, அதே தவறுகள் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டபடியால், தங்கள் நாளிதழின் வாயிலாகச் சரியான செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகள் மீதோ ஆசிரியர்கள் மீதோ குறை சொல்வது என் நோக்கமன்று. தமிழில் இதைப் பற்றி நாங்கள் எழுதி வைக்காததே குறை.

முதலில் அந்த வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் 108-க்குப் போன் செய்து பழகிய நமக்கு ஆம்புலன்ஸ் என்றால் வண்டி என்றுதான் தோன்றும்; பிள்ளைகளுக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது. ஆனால் படைத்துறை வழக்கில் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்பது வண்டியைக் குறிக்காது. மருத்துவர்கள், அறுவை சிகிச்சைக் குழு, நர்சிங் அசிஸ்டென்ட்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குவோர், சமையற்காரர், ஓட்டுநர் எல்லோரும் சேர்ந்த ஒரு முழு யூனிட்டைக் குறிக்கும். காயம்பட்டவனைத் தேடிப் போர்முனைக்கே நடந்து செல்லும் மருத்துவமனை என்பதுதான் அதன் பொருள். பிரெஞ்சு மொழியில் ‘நடக்கும் மருத்துவமனை’ என்று வழங்கிய சொல்லிலிருந்தே ஆம்புலன்ஸ் என்ற பெயர் வந்தது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளோடு சண்டை நடக்கும் இடத்துக்கே விரைந்து செல்லும் மருத்துவக் குழுக்களை அமைத்து, அவற்றுக்குப் ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ என்று பெயர் வைத்தார். அவர் வேகத்தைக் கருதி வைத்த பெயர் அது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து உண்மையிலேயே வானத்திலிருந்து குதித்து இறங்கிய மருத்துவர்கள் சிலர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் ஆற்காட்டைத் தம் பெயரோடு தாங்கிய தமிழர் என்பதை நம் மாவட்டப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்பது அவர் பெயர். நம் நாட்டில் பாராசூட் படை 1941-ஆம் ஆண்டு அக்டோபரில் உருவானது. பிரிட்டிஷார் ஒரு பட்டாலியன், இந்தியர் ஒரு பட்டாலியன், கூர்க்காக்கள் ஒரு பட்டாலியன் என மூன்றும் சேர்ந்து 50-வது பாராசூட் பிரிகேடு டில்லியில் அமைக்கப்பட்டது. அதில் இந்தியர் பட்டாலியனான 152-க்கு மருத்துவ அதிகாரியாக இருந்தவர் ரங்கராஜ். அந்தப் பட்டாலியனின் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் இவரும்தான் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் என்று பாரா படையினரிடையே இன்றும் சொல்லப்படுகிறது. ஊசி போடுகிற டாக்டர் எதற்காகக் குதிக்க வேண்டும் என்று பள்ளியில் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. எதிரியின் பின்புறத்தில் போய் இறங்கும் படைக்குச் சாலை கிடையாது, பின்னால் ஆஸ்பத்திரி கிடையாது. நம் மற்றப் படைகள் தரைவழியாக வந்து சேரும் வரையில் காயம்பட்டவனுக்குக் கட்டுப்போட வேண்டியவனும் அவனோடு கூடவே குதித்தாக வேண்டும். அதனால்தான் பாரா பிரிகேடில் காலாட்படையோடு பீரங்கிக்காரன், பாலம் கட்டுகிற பொறியாளன், சிக்னல்காரன், மருத்துவன் எல்லோரும் குதிக்கிறார்கள். ‘உதவிப் பிரிவு’ என்ற சொல்லைக் கேட்டதும் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருப்பவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

60-வது ஃபீல்டு ஆம்புலன்ஸ் 1942-இல் உலகப் போரின்போது எழுப்பப்பட்ட யூனிட். விடுதலைக்குப் பிறகு அது பாரா பிரிகேடின் மருத்துவப் பிரிவாக விளங்கியது. 1950-இல் கொரியாவில் போர் மூண்டபோது, சண்டையிடும் படையை அனுப்புவதில்லை என்று முடிவெடுத்த நம் அரசு, ஐ.நா.வின் வேண்டுகோளை ஏற்று மருத்துவ யூனிட் ஒன்றை அனுப்பியது. அதுதான் 60-வது. 346 பேர், நான்கு அறுவை மருத்துவர்கள், இரண்டு மயக்க மருந்து நிபுணர்கள், ஒரு பல் மருத்துவர், ஆறு மாதத்துக்கு வேண்டிய சாமான்கள். கர்னல் ரங்கராஜின் தலைமையில் 1950 நவம்பர் 20-ஆம் தேதி பூசான் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் நடந்த ஒரு நிகழ்ச்சியை, நான் யூனிட்டில் சேர்ந்த புதிதில் மூத்த சுபேதார் ஒருவர் லங்கரில், அதாவது படைச் சமையற்கூடத்தில், உட்கார்ந்தபடி சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்பு அது நூல்களிலும் பதிவாகியிருப்பதை அறிந்தேன். சீனப் படை பெருவெள்ளமாக இறங்கி வரவே, ஐ.நா. படைகள் வடகொரியத் தலைநகரான பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்கத் தொடங்கின. நம்மவர்களுக்கும் வெளியேறும்படி உத்தரவு வந்தது. ஆனால் சாமான்களை ஏற்றிச் செல்ல லாரிகள் கிடைக்கவில்லை. கருவிகளையும் மருந்துகளையும் கைவிட்டு ஆள்கள் மட்டும் தப்பிப்பதற்கு ரங்கராஜ் இசையவில்லை. கருவிகள் இல்லாத மருத்துவ யூனிட் எதற்கு? தேடிப் பார்த்ததில் பழைய நீராவி எஞ்சின் ஒன்றும் சில பெட்டிகளும் ரயில் நிலையத்தில் கிடந்தன. யூனிட்டிலேயே எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கொதிகலனில் தண்ணீர் இல்லை. உடனே எல்லோரும் வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கை மாற்றிக் கை மாற்றித் தண்ணீரை ஊற்றி நிரப்பினார்கள். கொரியாவின் டிசம்பர்க் குளிர் எப்படிப்பட்டது என்பதையும், வாளியிலிருந்து சிந்துகிற நீர் கையில் என்ன செய்யும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சாமான்கள் அத்தனையும் ஏற்றப்பட்டு, அந்த ரயில் ஆற்றைக் கடந்து தெற்கே போன சிறிது நேரத்தில் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அன்று காப்பாற்றிக் கொண்டுவந்த கருவிகள்தாம் அதற்குப் பின் மூன்றாண்டுகள் அந்த யூனிட்டுக்கு உழைத்தன.

பிறகு யூனிட் இரண்டாகப் பிரிந்து வேலை செய்தது. ஒரு பகுதி 27-வது காமன்வெல்த் பிரிகேடோடு முன்னணியில் சென்றது. மேஜர் என்.பி. பானர்ஜியின் பொறுப்பில் இருந்த மற்றொரு பகுதி தேகு நகரில் தங்கி, கொரியப் படையினருக்கும் பொதுமக்களுக்கும் சிகிச்சை அளித்தது. வீடிழந்து வந்த அகதிகளும் அங்கேதான் வந்தார்கள்.

1951 மார்ச் 23-ஆம் தேதி முன்சான்-னி என்ற இடத்தில் அமெரிக்காவின் 187-வது வான்வழிப் படைப்பிரிவு பாராசூட்டில் குதித்தது. அந்த நடவடிக்கைக்கு ‘டோமஹாக்’ என்று பெயர். ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்களோடு ரங்கராஜும் நம் யூனிட்டைச் சேர்ந்தவர்களுமாகப் பன்னிரண்டு இந்தியர்களும் குதித்தார்கள். பன்னிரண்டு பேர்தான், பெரிய கூட்டத்தில் ஒரு கைப்பிடி. ஆனால் விடுதலை பெற்ற இந்தியாவின் பாரா வீரர்கள் போர்க்களத்தில் குதித்தது அதுவே முதன்முறை. அப்படிக் குதித்தவர்களின் வேலையோ காயத்துக்குக் கட்டுப்போடுவது. இறங்கிய இடத்திலேயே கூடாரம் அடித்து, அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் காப்யோங்கில் சீனப் படையின் பெருந்தாக்குதல் நடந்தபோதும் யூனிட் காமன்வெல்த் பிரிகேடோடு களத்தில் இருந்தது.

1953-இல் சண்டை நின்ற பிறகும் அவர்கள் உடனே ஊர் திரும்பவில்லை. நாடு திரும்ப மறுத்த போர்க் கைதிகளைக் காக்கும் பொறுப்பை ஏற்று நம் நாட்டிலிருந்து சென்ற காவற்படை, இரு கொரியாக்களுக்கும் இடையிலுள்ள ராணுவமற்ற பகுதியில் ‘ஹிந்த் நகர்’ என்ற முகாமை அமைத்தது. 60-வது யூனிட்டும் அதோடு சேர்ந்து பணியாற்றி, 1954 பிப்ரவரியில் தாயகம் திரும்பியது. மூன்றாண்டுகளுக்கு மேல் அவர்கள் பார்த்த நோயாளிகள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். செய்த அறுவை சிகிச்சைகள் 2,300-க்கும் மேல். ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் போர்க்கள வீரத்துக்கான உயர் விருதான மகாவீர் சக்கரம் கிடைத்தது. 1955 மார்ச் 10-ஆம் தேதி ஆக்ராவில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அந்த யூனிட்டுக்குக் குடியரசுத் தலைவர் கோப்பையை வழங்கினார். பூசானில் தேஜோங்டே என்னும் கடலோரக் குன்றில், கொரியாவுக்கு மருத்துவ உதவி செய்த ஐந்து நாடுகளுக்காக எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் நம் நாட்டின் பெயரும் உள்ளது. 2020 ஜூலை மாதத்துக்குரிய போர் வீரராகத் தென்கொரிய அரசு கர்னல் ரங்கராஜைத் தேர்ந்தெடுத்துப் பெருமைப்படுத்தியது. ஓய்வுக்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானிலும் வங்கதேசத்திலும் பெரியம்மையை ஒழிக்கும் பணியில் ஈடுபட்டார். சியோலில் அவரைப் போற்றுகிறார்கள். வேலூர் தாண்டினால் வந்துவிடுகிற ஆற்காட்டின் பெயரைத் தாங்கிய அவரை நாம் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இனிச் சின்னத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன.

என் டிரங்குப் பெட்டியில் மெரூன் நிறத் தொப்பி ஒன்று இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் பட்டுப்புடவைக் கடையில் அரக்கு என்று கேட்டு வாங்கும் நிறம்தான் அது. கம்பளித் துணி, ஓரத்தில் கறுப்புத் தோல் பட்டை, பின்னால் இறுக்கிக் கட்ட நாடா. ஓரிடத்தில் பூச்சி அரித்து, கடுகளவு ஓட்டை விழுந்திருக்கிறது. நெற்றிக்கு மேல் பேட்ஜ் குத்தியிருந்த இடத்தில் மட்டும் நிறம் மங்காமல் அப்படியே இருக்கிறது. இந்த நிறத்தை 1942-இல் பிரிட்டிஷ் வான்வழிப் படையினர் தமக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து நம் பாரா படைக்கும் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், தொப்பியின் நிறம் பாரா படையினர் எல்லோருக்கும் பொது, பேட்ஜ் மட்டும் அவரவர் படைக்குரியது. பாராசூட் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த காலாட்படை வீரன் தன் ரெஜிமென்ட்டின் பேட்ஜைக் குத்திக்கொள்வான். அதே அரக்குத் தொப்பியில் பீரங்கிக்காரன் பீரங்கிப் படையின் பேட்ஜையும், மருத்துவப் படைக்காரன் மருத்துவப் படையின் பேட்ஜையும் குத்திக்கொள்வார்கள். ஆகவே ஒருவனுடைய தொப்பியைப் பார்த்த மாத்திரத்தில் அவன் குதிப்பவன் என்பதும், குதித்த பின் என்ன வேலை செய்பவன் என்பதும் தெரிந்துவிடும்.

மருத்துவப் படையின் பேட்ஜில் இருப்பது ஒரு கோலும், அதைச் சுற்றிய ஒற்றைப் பாம்பும். சுற்றிலும் இலைமாலை, உச்சியில் அசோகச் சிங்கம். கிரேக்கர்களின் மருத்துவத் தெய்வமான அஸ்கிளீப்பியஸின் கோல் அது. பள்ளி அட்டையில் இருந்த, இரண்டு பாம்புகளும் சிறகுகளும் கொண்ட கோலோ வேறொரு தெய்வத்துடையது. தூதர்களுக்கும் வணிகர்களுக்கும் காவலான ஹெர்மஸ் கையில் வைத்திருப்பது. அமெரிக்க ராணுவ மருத்துவப் படை 1902-இல் அதைத் தன் சின்னமாக ஏற்றுக்கொண்டதிலிருந்து உலகெங்கும் இரண்டும் ஒன்றாகக் குழப்பப்பட்டுவிட்டன. நம் ஊர் மருந்துக்கடைப் பலகைகளிலும் இரட்டைப் பாம்பைக் காணலாம். கடைப் பலகையில் எது இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் முன்சான்-னியில் குதித்த பன்னிரண்டு பேரைப் பற்றி எழுதும்போது, அவர்கள் அணியாத பேட்ஜை அவர்கள் நெற்றியில் ஒட்டுவது சரியாகாது.

அடுத்தது சிறகு. நாங்கள் ‘விங்ஸ்’ என்போம். நடுவே விரிந்த பாராசூட், இருபுறமும் சிறகுகள். இது வலது மார்பில் அணியப்படுவது. ஆக்ராவில் உள்ள பாராசூட் வீரர் பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை குதித்தால்தான் இது கிடைக்கும். அவற்றுள் ஒன்று இரவில். முதல் முறை மல்புரா மைதானத்துக்கு மேலே ஏ.என்.-32 விமானத்தின் வாயிலில் நின்றபோது எனக்கு ஞாபகத்தில் நின்றவை மூன்றே: காலடியில் அதிரும் இரும்புத் தளம், தலைக்கு மேல் கம்பியில் மாட்டிய கொக்கி இழுபடும் ஓசை, சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. கதவருகே நின்ற பயிற்சியாளர் தோளில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். முதுகில் திடீரென்று ஓர் இழுப்பு. நிமிர்ந்து பார்த்தால் குடை விரிந்திருந்தது. அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த எஞ்சின் இரைச்சல் நின்று, கீழே யாரோ கூப்பிடுவதுகூடக் கேட்கும்படியான அமைதி சூழ்ந்தது. டாக்டரும் அப்படித்தான் குதிக்கிறார், ஸ்ட்ரெச்சர் தூக்குபவனும் அப்படித்தான் குதிக்கிறான். எங்கள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அறுவை மருத்துவராக இருந்த ஒரு மேஜர். விமானத்தின் வாயிலில் மேஜருக்கென்று தனிக் கதவு கிடையாது.

பலிதான் பேட்ஜைப் பற்றிப் பிள்ளைகள் அறிந்திருப்பதற்குக் காரணம் கிரிக்கெட். 2019 உலகக் கோப்பைப் போட்டியில் தோனியின் கையுறையில் அது இருந்ததையொட்டி எழுந்த பேச்சுக்குப் பிறகு, பாரா படை என்றாலே அந்தக் குத்துவாள்தான் என்று ஆகிவிட்டது. அது உயர்ந்த சின்னம், அதில் ஐயமில்லை. ஆனால் பாராசூட் ரெஜிமென்ட்டின் சிறப்புப் படையினர் மட்டுமே அணியக்கூடியது. பாராசூட்டில் குதிப்பவர்கள் எல்லோருக்கும் உரியதன்று. உரிமையில்லாத பேட்ஜை ஒருவன் மீது குத்துவது, அதை உழைத்துப் பெற்றவனுக்கும் இழுக்கு, குத்தப்பட்டவனுக்கும் இழுக்கு. ஆயுதம் தூக்கிச் சென்று தாக்குவது ஒரு வீரம். குண்டு பாயும் இடத்தில் முழங்காலிட்டு அடுத்தவனுடைய ரத்தத்தை நிறுத்துவது இன்னொரு வீரம். இரண்டாவது வீரத்துக்கு அதற்குரிய சின்னம் இருக்கிறது. அதையே போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்த வேனில் இருந்த செஞ்சிலுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எந்தப் படைக்கும் உரிய பேட்ஜ் அன்று. போர்க்களத்தில் மருத்துவப் பணியாளரையும் காயம்பட்டோரையும் தாக்காதிருக்க ஜெனிவா உடன்படிக்கை வகுத்த பாதுகாப்புக் குறி அது. கையில் அந்தப் பட்டையைக் கட்டியவனைச் சுடக் கூடாது என்பது உலகச் சட்டம். அதை மற்றவர்கள் அனுமதியின்றிப் பயன்படுத்துவதை நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டம் தடை செய்கிறது. கிளினிக் பலகைகளிலும் டாக்டர்களின் காரிலும் அது தாராளமாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் குறியை நம்பி உயிரைப் பணயம் வைத்துக் களத்தில் நடந்தவர்களின் நினைவுதான் எனக்கு வருகிறது.

பாரா பிரிகேடின் சின்னத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் வான்வழிப் படையினர், சிறகுள்ள பெகாசஸ் குதிரையின் மேல் ஈட்டியோடு அமர்ந்திருக்கும் பெல்லெரோஃபோன் என்ற கிரேக்க வீரனின் உருவத்தை அணிந்தார்கள். அரக்கு நிறத் துணியில் வெளிர் நீலத்தில் இருக்கும் அந்த உருவத்தை வரைந்தவர் எட்வர்ட் சீகோ என்ற ஓவியர். நம் வான்வழி டிவிஷன் 1944-இல் அமைந்தபோது அதே உருவத்தின் கீழ் ‘இந்தியா’ என்ற சொல் சேர்க்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு, இரவல் வாங்கிய கதை எதற்கு என்று எண்ணி, நம் புராணத்திலிருந்தே சத்ருஜித் என்ற பெயரை எடுத்தார்கள். பகைவரை வென்றவன் என்று அதற்குப் பொருள். இடுப்புக்கு மேல் மனிதனும் கீழே குதிரையுமான உருவம். இன்றும் 50-வது பாரா பிரிகேடை ‘சத்ருஜித் பிரிகேடு’ என்றே சொல்கிறார்கள். எங்கள் யூனிட்டும் அந்த பிரிகேடைச் சேர்ந்ததே. 1971 டிசம்பர் 11-ஆம் தேதி வங்கதேசத்தில் டாங்காயில் அருகே 2-வது பாரா பட்டாலியன் குதித்து, டாக்காவை நோக்கிப் பின்வாங்கிய எதிரிப் படையின் வழியை மறித்தபோது, பீரங்கிக்காரர்களும் பொறியாளர்களும் 60-வதின் அறுவை சிகிச்சைக் குழுவும் கூடவே இருந்தார்கள். அந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் பட்டாலியனோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த யூனிட் பழைய கதையாகிவிடவும் இல்லை. இப்போது அதற்குப் பாரா ஃபீல்டு ஹாஸ்பிடல் என்று பெயர். வேன் என்ற குழப்பத்துக்கு இனி இடமில்லை. 2015-இல் நேபாள நிலநடுக்கத்தின்போது சென்றார்கள். 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூமி அதிர்ந்தபோது ஆக்ராவிலிருந்து 99 பேர் கொண்ட குழு பறந்து சென்று, இஸ்கெந்தருன் என்ற ஊரில் 30 படுக்கை மருத்துவமனையை அமைத்து, இரண்டு வாரத்துக்குள் ஏறத்தாழ 3,600 பேருக்குச் சிகிச்சை அளித்தது. தொலைக்காட்சியில் அந்த அரக்குத் தொப்பிகளைக் கண்டபோது, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். துருக்கிப் பாட்டி ஒருவர் நம் பெண் மருத்துவ அதிகாரியைக் கட்டியணைத்து முத்தமிட்ட படத்தைத் தங்கள் வாசகர்களும் அப்போது பார்த்திருப்பார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குச் சின்னங்களை வாசிக்கத் தெரியாது என்று நான் ஒருபோதும் எண்ணமாட்டேன். நடுகல் நிறைந்த மண் இது. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் கற்களைப் பாருங்கள். வீரன் கையில் வில்லா வாளா, உடலில் தைத்த அம்பு எத்தனை, காலடியில் கிண்டியும் சிமிழும் இருக்கின்றனவா, அருகில் மாடு நிற்கிறதா என்று பார்த்தே, அவன் ஆநிரை மீட்டு மாண்டவனா வேறு சண்டையில் பட்டவனா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம் ஊர்களில் உண்டு. கல்லில் வெட்டிய எழுத்தை வாசிக்கத் தெரியாதவரும் அந்த உருவத்தை வாசித்தார். கல் தச்சன் அம்புக்குப் பதில் ஈட்டியைச் செதுக்கியிருந்தால் அந்த வீரனின் கதையே மாறிப்போயிருக்கும். படை பேட்ஜ்களும் அதே போன்றவைதாம்.

இது தொடர்பாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோளும், வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். படைவீரர்களைப் பற்றிய செய்திகளோடு சின்னங்களை வெளியிடும்போது, இணையத்தில் முதலில் கிடைப்பதை எடுக்காமல், அந்தப் பிரிவில் பணியாற்றிய முன்னாள் வீரர் ஒருவரிடம் காட்டிக் கேட்டு வெளியிடுங்கள். மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால், எந்தப் படையானாலும் ஒருவர் கிடைப்பார். வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: தாத்தாவின், அப்பாவின் பழைய பெட்டியில் பித்தளை பேட்ஜோ துணிச் சிறகோ கிடந்தால், பழைய பாத்திரக்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் அப்படிப் போய்விட்டது. மலாயாவிலிருந்து திரும்பியவரின் மெடல் அது. பெயர் விளிம்பில் பொறித்திருந்ததை நானே சிறுவயதில் தடவிப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த வீட்டுப் பேரனுக்குத் தன் கொள்ளுத்தாத்தா எந்தப் படையில் இருந்தார் என்பதே தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியுமில்லை.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியையிடம் நான் பேசிவிட்டேன். அவர் சற்றும் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டு, அட்டையை எழுதிய மாணவியை அழைத்தார். மறுவாரம் என் தொப்பியையும் விங்ஸையும் எடுத்துச் சென்றேன். அந்தப் பெண் பேட்ஜை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பாம்பு கோலை எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்று விரலால் எண்ணி எண்ணிப் புதிய அட்டையில் வரைந்தாள். தங்கள் அலுவலகத்தில் சரியான படம் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள். புகைப்படம் எடுத்துக்கொள்ள ஏதுவாக இரண்டையும் நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ராணுவ மருத்துவப் படை முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
ஊத்தங்கரை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.